விலங்கோடு மூன்று ஆண்டுகள்: புனித தேவசகாயம் – ஒரு சிந்தனை



சனவரி 14 என்றதும் நம் வீடுகளில் பொங்கல் பானையும் கரும்பும்தான் நினைவுக்கு வரும். அதே நாள் நம் தமிழ் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தின் திருநாள் என்பதைத் திருவண்ணாமலைப் பகுதிப் பங்குகளில் இன்னும் பலர் அறியாமல் இருக்கிறார்கள். கன்னியாகுமரிக்காரர்களுக்கு அவர் சொந்தக்காரர் போல. நமக்கோ அவர் தென்கோடியில் எங்கோ இருக்கும் புனிதர். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்கு உரோமையில் புனிதர் பட்டம் அளித்தபோது தொலைக்காட்சியில் பார்த்தோம், கைதட்டினோம். அவருடைய படம் நம் ஆலயங்களுக்கும் வந்தது. அந்தப் படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அரண்மனைக்காரருக்குரிய உடை, கூப்பிய கைகள், அந்தக் கைகளிலும் கால்களிலும் சங்கிலி. மற்ற புனிதர்களுக்கு லீலி மலரோ, நூலோ, குழந்தை இயேசுவோ அடையாளம். இவருக்கு விலங்குதான் அடையாளம்.

இந்தச் சங்கிலியைப் பற்றியே இன்று சிந்திக்கலாம். அவருடைய விசுவாசத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். ஒரு மனிதனைக் கட்டிவைப்பது என்றால் என்ன, எதற்காகக் கட்டுகிறார்கள், கட்டப்பட்ட உடம்பு என்ன பாடுபடும் என்பதை நாம் அதிகம் யோசித்ததில்லை.

அவர் பிறந்த ஊர் நட்டாலம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பிறந்த நாள் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23. தந்தை வாசுதேவன் நம்பூதிரி, தாய் தேவகி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். தாயின் நாயர் குலமரபுப்படி வளர்ந்து, வடமொழியும் தமிழும் மலையாளமும் கற்று, ஆயுதப் பயிற்சியும் பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் பொறுப்பான பணியில் அமர்ந்தார். பார்கவி அம்மாளை மணந்தார். செல்வாக்கு, சொத்து, சாதி மதிப்பு என்று அந்தக் காலத்து மனிதன் வேண்டும் என்று நினைக்கும் எல்லாம் அவரிடம் இருந்தன.

1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் படை தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய் என்னும் படைத்தலைவர். மன்னர் அவரைக் கொல்லவில்லை. அவருடைய திறமையைப் பார்த்து, தம் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்பதிலும் வீரர்களைப் பழக்குவதிலும் டிலனாய் தம் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டு 1777-இல் அங்கேயே இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. போரில் பிடிபட்ட எதிரியின் கையிலிருந்து விலங்கைக் கழற்றி வாளைக் கொடுத்தவர் மார்த்தாண்ட வர்மா. அதே மன்னரின் ஆட்சியில்தான், தம் அரண்மனையில் வேலை பார்த்த சொந்த நாட்டுக்காரரின் கையில் விலங்கு பூட்டப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது. பகைவனைவிட, சொல் கேளாத தன் ஆள்தான் அதிகாரத்திற்கு அதிக அச்சம் தருகிறான் போலும்.

நீலகண்டனும் டிலனாயும் நண்பர்களானார்கள். நீலகண்டனின் வீட்டில் அப்போது கால்நடைகள் மடிந்து, பயிர் அழிந்து, துன்பத்துக்கு மேல் துன்பம் வந்த காலம். டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத அந்த மனிதரின் கதை நீலகண்டனைப் பிடித்துக்கொண்டது. திருமுழுக்குப் பெற விரும்பினார். ஆனால் திருவிதாங்கூருக்குள் அது எளிதாக நடக்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. எனவே டிலனாய், எல்லைக்கு அப்பால் நெல்லைச் சீமையில் இருந்த வடக்கன்குளத்திற்கு, சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் நீலகண்டன் அங்கே திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற விவிலியப் பெயரைத் தமிழில் பொருள்பட மாற்றி, தேவசகாயம் என்று பெயரிட்டார்கள். மனைவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்றுத் தெரேசா ஆனார். தமிழில் ஞானப்பூ.

பெயர் மாறியதோடு நின்றிருந்தால் ஒருவேளை அரண்மனை பொறுத்துக்கொண்டிருக்கும். தேவசகாயம் சாதி பார்ப்பதை விட்டார். தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார், அவர்களோடு அமர்ந்து உண்டார். தீண்டாமை மட்டுமல்ல, இத்தனை அடி தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்த நாடு அது. உயர்ந்த இடத்தில் இருப்பவன் ஒருவன் தானே கீழே இறங்கி வந்தால், மேலே இருக்கும் மற்றவர்களுக்குக் கால் நடுங்கும். புனிதர் பட்ட அறிவிப்புகளில் அவர் பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை உரோமை நீக்கியது அவர் வாழ்ந்த வாழ்வுக்குப் பொருத்தமான செயல். நம் பங்குகளில் சில நேரம் பழக்கத்தில் அந்தப் பட்டத்தைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். இராசத் துரோகம், தெய்வ நிந்தனை என்று குற்றங்கள் அடுக்கப்பட்டன. அவர் மதம் மாறியதற்காகத் தண்டிக்கப்பட்டாரா, அரசியல் காரணத்திற்காகவா என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆன பின், 1756-இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் அவருடைய மரணத்தைப் பதிவு செய்திருக்கிறார். திருச்சபை நன்கு ஆராய்ந்தே விசுவாசத்திற்காக இறந்தவர் என்று அறிவித்தது. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். குற்றம் எதுவாக இருந்தாலும், அதன் பிறகு அவருக்குச் செய்யப்பட்டதை எந்தக் குற்றமும் நியாயப்படுத்தாது.

அவர் ஓடிப்போகிறவர் அல்ல. ஆயுதம் வைத்திருக்கவில்லை. எல்லோருக்கும் அறிமுகமான முகம். அப்படிப்பட்டவருக்குக் கையிலும் காலிலும் இரும்பு எதற்கு? தப்பிவிடாமல் இருப்பதற்காக அல்ல, பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. நம் ஊர்க் கதைகளில் செம்புள்ளி கரும்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவார்கள் அல்லவா, அந்த வகை. அவருக்குக் கழுதை அல்ல, எருமை. எருமை எமனின் வாகனம் என்பது யாருக்கும் தெரியும். கைகளைப் பின்னால் கட்டி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின்மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக நடத்திச் சென்றார்கள் என்று மரபு சொல்கிறது. அரண்மனையில் மதிப்போடு நடந்த மனிதர் சந்தைகளின் வழியே, கூட்டத்தின் சிரிப்புக்கும் கல்லுக்கும் நடுவே. தமிழில் விலங்கு என்ற ஒரே சொல் மிருகத்தையும் குறிக்கிறது, தளையையும் குறிக்கிறது. அந்த ஊர்வலத்தில் இரண்டும் ஒன்றாகவே போயின.

ஒவ்வொரு நாளும் உள்ளங்காலில் பிரம்படி. முப்பது அடிகள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அடிபட்ட புண்ணில் மிளகுப்பொடி. பின்பு வெயில். தாகத்திற்குத் தேங்கிய அழுக்குத் தண்ணீர். இவற்றை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் இவற்றுக்கு இடையில் இருக்கும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். அடி சில நிமிடங்களில் முடிந்துவிடும். சங்கிலி முடியாது. இரவிலும் அது இருக்கும். திரும்பிப் படுத்தால் இழுக்கும். கணுக்காலில் உரசி உரசித் தோல் போகும், அந்தப் புண் ஆறுவதற்கு முன் அதே இடத்தில் இரும்பு மறுபடி உரசும். மழைக்காலத்தில் துருவும் சீழும் ஒன்றாகும். கோடைகாலத்தில் இரும்பே சுடும். கட்டிய கையால் முகத்தில் உட்காரும் ஈயைக்கூட ஓட்ட முடியாது. சோறு பிறர் கையால். தண்ணீர் பிறர் மனம்போல. வெளிக்குப் போவதற்கும் காவலனின் தயவு. வலியைவிட இந்தச் சிறுமைதான் மனிதனை உடைக்கும். கட்டிவைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் கட்டுகிறார்கள். இப்படி ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல. 1749 பிப்ரவரியிலிருந்து 1752 சனவரி வரை, மூன்று ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஆறு வாரங்களே குறைவு.

புலியூர்க்குறிச்சியில் ஒரு பாறை இருக்கிறது. தாகம் தாங்காமல் அவர் செபித்து, தம் முழங்கை முட்டியால் அந்தப் பாறையை இடித்தார் என்றும் தண்ணீர் ஊற்றெடுத்தது என்றும் மக்கள் நம்புகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்றே அதற்குப் பெயர். திருப்பயணிகள் இன்றும் அந்தத் தண்ணீரை எடுத்துச் செல்கிறார்கள். அந்தப் புதுமையைப் பற்றிப் பேசும்போது நாம் கவனிக்கத் தவறுவது, ஏன் முழங்கை என்பது. தட்டுவதற்கு உள்ளங்கை விடுதலையாக இல்லை. கைகள் கட்டப்பட்ட மனிதனுக்கு மிஞ்சியிருந்தது முட்டி மட்டுமே. அந்தப் பாறையின் பெயருக்குள்ளேயே விலங்கு ஒளிந்திருக்கிறது.

பின்பு பெருவிளை. அங்கே பல மாதங்கள் ஒரு வேப்பமரத்தோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார். தொழுவத்து மாட்டை மாலையிலாவது அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவோம். இவரை அவிழ்க்கவில்லை. ஆனால் ஆட்சியாளர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவமானப்படுத்துவதற்காகத் திறந்த வெளியில் கட்டிய மனிதரைத் தேடி மக்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வேடிக்கை பார்க்க, பிறகு ஆறுதல் தேட. குழந்தை இல்லாதவர்கள், நோயாளிகள், ஏழைகள் வந்தார்கள். கட்டப்பட்டவர் அவர்களுக்காகச் செபித்தார், வேப்பிலையைக் கொடுத்தனுப்பினார் என்கிறது அப்பகுதி மரபு. காவலர்களின் மனமும் மெல்ல இளகியது. பவுல் அடிகளார் உரோமையில் சங்கிலியோடு இருந்தபோது ஒனேசிப்போர் என்பவர் அந்தச் சங்கிலியைக் கண்டு வெட்கப்படாமல் தேடி வந்தார் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் படிக்கிறோம். பிலிப்பியில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டிருந்த பவுலின் காயங்களைக் கழுவியவர் அவரைப் பூட்டிவைத்த அதே சிறைக்காவலர். பெருவிளையில் வந்து நின்றவர்களும் அந்த வரிசையைச் சேர்ந்தவர்களே. அவர்களில் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

கூட்டம் கூடுவது அரண்மனைக்குப் பிடிக்கவில்லை. கடைசியாக அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள். கிழக்கு எல்லைக் கணவாய் அது. காற்று ஓயாமல் அடிக்கும் இடம். இன்று அந்தப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைக் காண்பார்கள். எல்லையைத் தாண்டினால் வடக்கன்குளம், திருமுழுக்குப் பெற்ற ஊர், பக்கத்தில்தான். அவ்வளவு அருகில் இருந்தும் அவரால் போக முடியாது. 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் இரவில் அவரைக் காற்றாடிமலைக்கு அழைத்துச் சென்று சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காட்டில் விட்டுவிட்டார்கள். சில நாட்களுக்குப் பின் கிறிஸ்தவர்கள் எஞ்சியதைத் தேடி எடுத்துக் கோட்டாற்றுப் புனித சவேரியார் ஆலயத்தில் பீடத்திற்கு முன்பாக அடக்கம் செய்தார்கள். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

அன்பானவர்களே, இது இருநூற்றி எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னராட்சியில் நடந்தது, இன்று அப்படியெல்லாம் இல்லை என்று தோன்றலாம். மன்னர்கள் போய் ஆங்கிலேயர் வந்தபோதும் கட்டு அவிழவில்லை. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு 1855-இல் அறிக்கை வந்தது. அதில் நம் பாட்டன்மார்களுக்குத் தெரிந்த இரண்டு சொற்கள் ஆங்கில எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி, விரல்களை மரக்கட்டைக்கு நடுவில் வைத்து நெருக்குவது. மற்றது அண்ணாந்தாள். கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, குனிந்தபடியே வெயிலில் நிற்கவைப்பது. யாருக்கு? பெரும்பாலும் கொள்ளையர்களுக்கு அல்ல, வரி கட்ட முடியாத குடியானவர்களுக்கு. அடித்தால் தழும்பு இருக்கும். குனியவைத்துக் கட்டினால் தழும்பும் இருக்காது. நம் பகுதி மக்களைப் போன்ற வேளாண் குடிகள்தான் அந்தக் கயிற்றின் சுவையை அறிந்தவர்கள்.

விடுதலைக்குப் பின்னும் 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே நம்மை ஆண்டது. அதில் கால்விலங்கு ஒரு தண்டனையாகவே எழுதப்பட்டிருந்தது. தில்லி திகார் சிறையில் விசாரணைக் கைதி ஒருவர் இரவும் பகலும் கம்பி விலங்கோடு வைக்கப்பட்டிருந்த வழக்கு 1978-இல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. காரணத்தை எழுதிவைக்காமல், தவிர்க்க முடியாத தேவை இல்லாமல், நீண்ட காலத்திற்கு அப்படிப் பூட்டக்கூடாது என்று நீதிபதிகள் வரம்பு கட்டினார்கள். அதற்குப் பின் பிரேம் சங்கர் சுக்லா என்ற கைதி அதே திகாரிலிருந்து நீதிபதிக்கு ஒரு தந்தி அனுப்பினார். நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் கைவிலங்கு பூட்டுகிறார்கள் என்பது முறையீடு. ஒரு தந்தியே வழக்கானது. 1980-இல் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். கைவிலங்கு பூட்டுவது தன்னிலேயே மனிதத்தன்மையற்றது, அதைப் பூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் காவலர் காரணத்தை எழுதி நீதிபதியின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்று அவர் வகுத்தார். அந்தக் காலக் காவல் விதிகளில் இன்னொரு வேடிக்கை இருந்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ள மேல்வகுப்புக் கைதிக்கு விலங்கு வேண்டாம், சாதாரணக் கைதிக்கு வேண்டும் என்று பிரித்திருந்தார்கள். அந்தப் பிரிவினையையும் அந்தத் தீர்ப்பு அடித்து வீழ்த்தியது. தேவசகாயம் இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் பழக்கம் எளிதில் சாகவில்லை. அசாமில் மருத்துவமனைப் படுக்கையிலேயே தடுப்புக் காவல் கைதிகளைக் கைவிலங்கிட்டுக் கயிற்றாலும் கட்டியிருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் நேரில் கண்டு கடிதம் எழுத, 1995-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி கண்டிக்க வேண்டியிருந்தது. 2021-இல், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா நகரில் தொண்ணூறு வயதைக் கடந்த ஆயுள் கைதியின் காலை மருத்துவமனைக் கட்டிலோடு சங்கிலியால் பிணைத்திருந்த படம் நாடு முழுவதும் பரவியது. மூச்சுத் திணறிப் படுத்திருக்கும் கிழவர் எங்கே ஓடிவிடுவார்? புலியூர்க்குறிச்சியில் எழுந்த அதே கேள்விதான் இது.

சிறைக்கு வெளியேயும் சங்கிலி இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் குற்றவாளிகள் அல்ல, கைதிகளும் அல்ல. உறவினர்கள் நல்லது நடக்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்ட நோயாளிகள். மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று சட்டமே தெளிவாகச் சொன்னது 2017-இல்தான். நம்மில் எத்தனை பேர் வீட்டில், தெருவில் இப்படிக் கட்டப்பட்டவர்களைப் பார்த்துவிட்டு, வேறு வழி இல்லை என்று சொல்லிக் கடந்து போயிருக்கிறோம்!

உலக அளவிலும் இதே போராட்டம் நடந்து வந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்றுக்கொண்டு, நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டிய சிறை விதிகள், இழிவுபடுத்தும் அல்லது வலிதரும் சங்கிலிகளைத் தடைசெய்கின்றன. பிரசவ வேளையில் ஒரு பெண்ணை ஒருபோதும் கட்டிவைக்கக் கூடாது என்கின்றன. இதைத் தனியாக ஒரு விதியாக எழுத வேண்டிய நிலை இருந்தது என்பதே நமக்கு வேதனை தருகிறது.

இப்போது நம் நாட்டில் 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு, சில வகைக் குற்றங்களில் கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் நிறுத்தும்போதும் காவல்துறையினர் கைவிலங்கு பூட்டலாம் என்று இடம் தருகிறது. கொலை, பாலியல் வன்கொடுமை, போதைப்பொருள், பயங்கரவாதம் என்று நீளும் அந்தப் பட்டியலில் அரசுக்கு எதிரான குற்றமும் இருக்கிறது. கொடிய குற்றவாளிகளைக் கையாளும் காவலர்களின் ஆபத்தை நாம் குறைத்துப் பேசக்கூடாது. அவர்களும் நம் பங்குகளின் பிள்ளைகள்தான். இருந்தாலும் கவனியுங்கள்: அந்தக் கட்டத்தில் குற்றம் இன்னும் சாட்டப்பட்டதுதான், நிரூபிக்கப்பட்டதல்ல. தேவசகாயத்தின்மேல் சுமத்தப்பட்டதும் அரசுக்கு எதிரான குற்றமே. குற்றச்சாட்டின் பெயரே விலங்குக்குப் போதுமானதாகிவிட்டால், அந்த மனிதர் ஓடக்கூடியவரா, தாக்கக்கூடியவரா, நோயாளியா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? 1980-இன் தீர்ப்பு கேட்கச் சொன்னது அந்தக் கேள்வியைத்தான்.

பேருந்து நிலையத்தில், நீதிமன்ற வாசலில், அரசு மருத்துவமனை வராந்தாவில் காவலர்களுக்கு நடுவே கைவிலங்கோடு நிற்கும் ஒருவரை நாமும் பார்த்திருப்போம். துண்டால் விலங்கை மூடிக்கொண்டு தலைகுனிந்து நிற்பார். அந்தத் துண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தள்ளிப் போகிறோம். அல்லது, என்ன செய்தானாம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறோம். இந்தியத் திருச்சபையின் சிறைப்பணிக் குழுவினர், அவுஷ்விட்ஸ் முகாமில் இன்னொரு கைதிக்காக உயிர் கொடுத்த புனித மாக்ஸிமிலியன் கோல்பேயைப் பாதுகாவலராகக் கொண்டு, சிறைகளுக்குச் சென்று வருகிறார்கள். ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறு சிறைப்பணி ஞாயிறாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஞாயிறு காணிக்கையோடு நம் கடமை முடிந்துவிடுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

தேவசகாயத்தின் வாழ்வில் நாம் அதிகம் பேசாத ஒருவர் அவருடைய மனைவி ஞானப்பூ தெரேசா. கணவர் எருமைமேல் ஊர்வலம் போனபோது அவரும் அந்த ஊர்களின் நடுவேதான் வாழ்ந்தார். உறவினர் முகம் திருப்பினார்கள். கைதியின் மனைவி என்ற பெயர் எந்தக் காலத்திலும் இலேசானது அல்ல. கண்ணுக்குத் தெரியாத விலங்கு அது, அதைக் கழற்ற எந்த நீதிமன்றத்திற்கும் தந்தி அடிக்க முடியாது. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ஆரல்வாய்மொழியில் அவர் கணவரைச் சந்தித்தார் என்றும், சொந்த ஊரில் இருக்க வேண்டாம், வடக்கன்குளத்திற்குப் போய்விடு என்று கணவர் சொல்லி அனுப்பினார் என்றும் மரபு கூறுகிறது. சங்கிலியோடு இருந்த கணவரால் மனைவிக்குத் தர முடிந்தது அந்த ஒரு யோசனை மட்டும்தான். அவர் அப்படியே செய்தார். கணவரின் மறைவுக்குப் பின் பதினான்கு ஆண்டுகள், கணவர் திருமுழுக்குப் பெற்ற அதே பங்கில் கைம்பெண்ணாக வாழ்ந்து, 1766-இல் இறந்தார். அவருடைய கல்லறை வடக்கன்குளத்தில் இருக்கிறது. கோட்டாற்றுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நம் பங்குகளிலிருந்து திருப்பயணம் போகிறவர்கள் எல்லை தாண்டி அங்கேயும் ஒருமுறை போய் வாருங்கள்.